ஒருத்திக்கு மட்டும் காட்டிய தட்டு

இந்தப் பெங்களூரில் கீரை வாங்கினால் என்ன கீரை என்று கேட்கக் கூடாது. வைட்ஃபீல்ட் பக்கம் நான் குடியிருக்கும் தெருவுக்குக் காலை ஏழு மணிக்குத் தள்ளுவண்டியோடு ஓர் அம்மா வருவார். ஏழெட்டு வகையை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய கட்டை "பெரக்கே சொப்பு" என்று சொல்லிக் கையில் திணிப்பார். கலவைக் கீரை என்று அர்த்தம். அதில் பாதிக்கு எனக்குப் பெயர் தெரியாது. எங்கள் ஆரணியில் சிறுகீரைக்குப் பதிலாக முளைக்கீரையைக் கொடுத்தாலே சண்டைக்குப் போவோம். இங்கே பெயர் தெரியாததைக் கடைந்து, கேழ்வரகுக் களிக்குப் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்துத் தட்டை நகர்த்தி, முதலில் ஒரு போட்டோ எடுப்பேன். அதன் பிறகுதான் சாப்பாடு. அந்தப் போட்டோவைப் போனில் ஸ்டேட்டஸாகப் போடுவேன். அதைப் பார்க்க ஒரே ஒருத்திக்குத்தான் அனுமதி, என் பெரியம்மாவுக்கு. மற்றவர்கள் கண்ணில் படாதபடி வைக்க போனிலேயே வழி இருக்கிறது. மற்றவர்கள் பார்த்தால் பூ போடுவார்கள், சிவப்பு இதயம் போடுவார்கள். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வயிறு எரிவது.

கீழ் வீட்டில் இருக்கும் ஓனர் ஆண்ட்டி ஒருநாள் மாடியில் துணி காயப்போட வந்தவர், நான் தட்டுக்கு முன்னால் குனிந்தும் நிமிர்ந்தும் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டார். "யாரிகே ஃபோட்டோ? ஹுடுகனிகா?" என்று கண்ணடித்தார். பையனுக்கா என்று கேட்கிறார். "இல்ல ஆண்ட்டி, தொட்டம்மனிகே" என்றேன். தொட்டம்மா என்றால் பெரியம்மா. ஆண்ட்டியின் முகம் இளகிவிட்டது. "எஷ்டு ப்ரீதி நோடு!" என்று என் தலையைத் தடவினார். எவ்வளவு பாசம் பார் என்று பொருள். அன்று முதல் அவர் பார்வையில் நான் குணவதி. அவ்வப்போது ஒரு கிண்ணத்தில் கோசம்பரி கொண்டு வந்து வைப்பார், பாசிப்பருப்பும் வெள்ளரியும் கலந்தது. நானும் திருத்தவில்லை. அதையும் தட்டில் சேர்த்துப் படம் எடுத்தேன்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள், பெங்களூரில் சொந்தக்காரர் வீடு இருக்கும்போது பெண் ஏன் தனியாகப் போனாள் என்று கேட்கலாம். கேட்கவும் கேட்டார்கள். வேலை கிடைத்து வந்ததும் என்னை அம்மா விட்டது பீன்யாவில் இருக்கும் பெரியம்மா வீட்டில்தான். பெரியப்பாவும் அவர் மகன் சரவணன் அண்ணனும் அங்கே ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். அண்ணனுக்கு மனைவி சுமதி அண்ணி. அந்த வீட்டில் முட்டைகளுக்குப் பெயர் உண்டு. கடையிலிருந்து அட்டை வந்ததும் பெரியம்மா பால்பாயின்ட் பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருவாள். மகனுடைய முட்டைகளில் 'ச' என்று எழுதுவாள். புருஷன் பெயரைச் சொல்லவும் மாட்டாள், எழுதவும் மாட்டாள் என்பதால் அவருடையவற்றில் ஒரு வட்டம் போடுவாள். எழுத்தோ வட்டமோ இல்லாத முட்டை அந்த வீட்டில் கிடையாது. எனக்கும் அண்ணிக்கும் எழுத்தும் கிடையாது. ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு மிஞ்சிய சோறும், காய் வடிந்துபோன சாம்பாரும் எங்கள் பங்கு. பழம் இருந்தால் அது "நாளைக்கு" இருக்கும். அந்த நாளை வந்ததாக எனக்கு நினைவில்லை.

பீன்யாவிலிருந்து வைட்ஃபீல்டுக்கு மெட்ரோ மாறிப் போய் வரவே ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்படி ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து பசியோடு வந்தேன். வீட்டில் சோறு இல்லை. 'ச' போட்ட முட்டை ஒன்றை எடுத்து அவித்துத் தின்றேன். உப்பு கூடப் போடவில்லை. பெரியம்மா தண்ணீரில் மிதந்த ஓட்டைப் பார்த்தாள். "ஏண்டி, கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா? எதுக்குத் திருடித் தின்ற?" என்றாள். திருடி என்ற சொல்லை அதற்கு முன் யாரும் என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. பக்கத்தில் நின்ற அண்ணி வாயே திறக்கவில்லை. மறுநாள் அந்தச் செய்தி ஆரணி போய்ச் சேர்ந்தபோது ஒரு முட்டை ஓர் அட்டையாகியிருந்தது. அம்மாவே போனில், "எங்க மானத்த வாங்கறியேடி" என்றாள். அந்த வாரமே பெட்டியைக் கட்டினேன். வாசலில் பெரியம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "அரிசி களையத் தெரியாது. ஓட்டல்ல கண்டதத் தின்னு, ஒரே மாசத்துல வயித்தப் புடிச்சிக்கினு இங்கதான் வந்து நிப்ப" என்றாள். பதிலை உடம்பில் காட்டுவது என்று படியிறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் பழிவாங்கப் புறப்பட்டவளுக்கு முதல் மாதம் புத்தி வேலை செய்யவில்லை. போட்டோவில் எது அழகாக விழும் என்றுதான் பார்த்தேன். மாதுளை, பட்டர் ஃப்ரூட் என்கிற வெண்ணெய்ப்பழம், வெளிநாட்டுப் பெயருள்ள ஒரு பச்சைப் பூ என்று வாங்கினேன். அறை வாடகை போக மிஞ்சியதில் பாதி ஒரே வாரத்தில் கரைந்தது. ஒரு பட்டர் ஃப்ரூட்டை மூன்று நாள் மூன்று பக்கமாகத் திருப்பி வைத்துப் படம் எடுத்தேன். நான்காம் நாள் அது கறுத்துவிட்டது. மாதக் கடைசியில் தேங்காய் பன்னும் டீயும்தான் ஆகாரம். ஒருநாள் மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தபோது கண் இருட்டி, முன்னால் இருந்த பெண்ணின் மடியில் விழுந்தேன். அவர் தண்ணீர் கொடுத்து, எழுந்து இடமும் கொடுத்தார். உட்கார்ந்துகொண்டு அழுதேன். விழுந்த வலிக்காக இல்லை. இது மட்டும் பீன்யாவுக்குத் தெரிந்தால் பெரியம்மா ஜெயித்துவிடுவாள் என்ற ஆத்திரம்.

அதன் பிறகுதான் உண்மையாகச் சாப்பிடக் கற்றுக்கொண்டேன். என்னைப் போல் தனியறையில் இருப்பவர்கள் கேட்டால் சொல்கிறேன், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கேழ்வரகை மொத்தமாக வாங்கி மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். இங்கே மூலைக்கு மூலை மில் இருக்கிறது. கொள்ளும் பச்சைப்பயறும் மாற்றி மாற்றி ஊறட்டும், துணியில் கட்டி முளைவிடட்டும். கீரை தினமும். அழகான ஆப்பிளை விட்டுவிட்டு, தழும்பு விழுந்த கொய்யாவையும் பழுத்த பப்பாளியையும் வாங்குங்கள். தயிரை வீட்டிலேயே உறை ஊற்றுங்கள். ஒரு முட்டை. அந்த முட்டையை அவித்து, ஓட்டின் மேல் 'மா' என்று பேனாவால் எழுதித் தட்டின் நடுவில் வைத்து நான் எடுத்த படத்தைப் போல ஒரு படம் இந்த நகரத்தில் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். என் பெயர் மாலதி. படம் போய்ப் பத்து நிமிடத்துக்குள், பெரியம்மா பார்த்துவிட்டதாகப் போன் காட்டும். அந்தக் குறியைப் பார்த்தபடி ஓட்டை உரிப்பேன். ஏழு மாதம் ஒரு நாள் தவறவில்லை. முகத்தில் ரத்தம் ஊறியது, படிக்கட்டு ஏறும்போது மூச்சு வாங்கவில்லை. கோபம் இவ்வளவு நல்ல ஊட்டச்சத்து என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சுமதி அண்ணி தன் போனிலிருந்து கூப்பிட்டாள். நான் வந்த பிறகு ஒருமுறைகூடப் பேசாதவள். எடுத்ததும் எடுக்காததுமாக, "மாலதி, கொள்ளு எவ்ளோ நேரம் ஊறணும்?" என்றாள்.

"நான் கொள்ளு செய்யறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெனமும் பாக்கறேனே. அத்தைக்கு ஸ்டேட்டஸெல்லாம் தொறக்கத் தெரியாது. கண்ணும் செரியில்ல. அவங்க போனு என்கிட்டதான இருக்கும்."

"பெரியம்மா ஒண்ணுகூடப் பாக்கலையா? நீங்க காட்டலையா?"

"காட்னா பிளாக் பண்ணச் சொல்லிடுவாங்க. அப்றம் நான் எதப் பாக்கறது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "நாலு மாசம் எனக்கு. ரத்தம் ரொம்பக் கம்மின்னு டாக்டரு திட்டறாங்க. அம்மா இருந்தா அங்க போயிருப்பேன். உன்கிட்ட பத்து நாள் வந்து இருக்கட்டுமா?"

ஏழு மாதப் பழி காற்றில் போனது. அந்த நிமிஷம் எனக்கு அண்ணி மேல் இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. முட்டை நாளில் ஊமையாக நின்றவள், என் ஸ்டேட்டஸையும் தானே விழுங்கிவிட்டாளே என்று பொருமினேன். ஆனால் உடனேயே இன்னொன்றும் தோன்றியது. மருமகள் சாப்பாட்டுக்காக என் அறைக்கு வந்தால் பெரியம்மாவுக்கு அதைவிட அவமானம் வேறு என்ன? "வாங்க அண்ணி, பத்து நாள் என்ன, ஒரு மாசம் இருங்க" என்றேன். சரவணன் அண்ணனே மெட்ரோவில் கூட்டி வந்து விட்டுவிட்டுப் போனான். அவனுக்கு இதெல்லாம் பெண்கள் சமாசாரம்.

அண்ணி முதல் நாள் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நான் உட்காரும்வரை நின்றாள். நான்காம் நாள்தான் கேட்காமல் இரண்டாவது கரண்டி கீரை போட்டுக்கொண்டாள். ஒன்பதாம் நாள் பெரியம்மாவின் போன் வந்தது. "ஏண்டி, என் மருமவள நீ என்னத்துக்கு வெச்சிக்கினு இருக்கற? ஞாயித்துக்கெழம வந்து இட்டுக்கினு போறேன்." நான் நிதானமாக, "வாங்க பெரியம்மா, சாப்பிட்டுட்டுப் போலாம்" என்றேன். அன்று முதல் ஞாயிறுவரை அந்த ஒரு சாப்பாட்டை மனதுக்குள் நூறு தடவை பரிமாறிப் பார்த்தேன். அவளைப் பார்க்க வைத்துக்கொண்டு நாங்கள் முதலில் சாப்பிட வேண்டும். மிஞ்சியதுதான் அவளுக்கு. என் திட்டம் அவ்வளவுதான்.

பெரியம்மா வந்தாள். படியேறியதில் மூச்சிரைத்தது. அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள், அண்ணியின் கன்னத்தையும் பார்த்தாள். நான் இரண்டே தட்டுகளை எடுத்து வைத்தேன். "நாங்க ரெண்டு பேரும் மொதல்ல சாப்பிடறோம் பெரியம்மா. நீங்க அப்றம் சாப்பிடுங்க" என்றேன். குரல் நடுங்காமல் சொன்னேன் என்பதில் எனக்குப் பெருமை. அண்ணி பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் அவள் தட்டில் களியை வைத்து, கொள்ளுக் குழம்பை ஊற்றி, முட்டையை இரண்டாக வெட்டி அடுக்கினேன். என் தட்டிலும் அப்படியே. சாப்பிட ஆரம்பித்தோம். முதல் நான்கு வாய் உண்மையாகவே இனித்தது. ஐந்தாவது வாயில் நிமிர்ந்து, பெரியம்மாவின் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன்.

அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. சுவரோரம் காலை மடக்கி உட்கார்ந்து, நாளைக்கு என்று நான் வைத்திருந்த கீரைக்கட்டைப் பிரித்து ஆய்ந்துகொண்டிருந்தாள். அண்ணியின் தட்டு காலியானதும் யாரும் சொல்லாமலே எழுந்து வந்து குழம்பு ஊற்றினாள். என் தட்டிலும் ஊற்றினாள். "போட்டுக்கோ, ஒல்லியாத்தான் இருக்கற" என்றாள். நான் வைத்த தண்டனை அவளுக்குத் தண்டனை என்றே தெரியவில்லை. நாற்பது வருடமாக அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில்தான் நான் அவளை உட்கார வைத்திருந்தேன். அந்த வீட்டில் எனக்கும் அண்ணிக்கும் பிறகு ஒருத்தி சாப்பிட்டாள் என்பதை, அவள் என்ன சாப்பிட்டாள் என்பதை, ஒருநாள்கூட நான் திரும்பிப் பார்த்ததில்லை.

"அத்தை, நான் இன்னும் ஒரு மாசம் கழிச்சி வர்றேன்" என்றாள் அண்ணி, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். பெரியம்மா "ம்" என்றாள். நான் எழுந்து மூன்றாவது தட்டை எடுத்தேன். "தட்டெல்லாம் எதுக்குடி, கழுவற வேல" என்று களிச்சட்டியையே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அடியில் பிடித்திருந்த களியைக் கரண்டியால் சுரண்டினாள். மோரை அதிலேயே ஊற்றிக் கரைத்தாள். எனக்குப் பீன்யாவில் இருக்கிறேனா, என் அறையில் இருக்கிறேனா என்று ஒரு கணம் குழம்பியது. சட்டியை அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டு, ஒழுங்காகத் தட்டில் பரிமாற வேண்டும் போலவும் இருந்தது. நன்றாகச் சுரண்டட்டும் என்றும் இருந்தது. காலித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டில் ஒன்றையும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தேன்.