தம்மாமிலிருந்து வந்த மாத்திரை

அதிராம்பட்டினம் கடைத்தெருவில் காதர் மைதீன் பாயின் மருந்துக்கடைக்கு டாக்டர் சீட்டோடு வருகிறவர்கள் பாதிப்பேர்தான். மீதிப்பேர் கவுண்டரில் நிற்கிற நெடுமாறனின் முகத்தை நம்பி வருகிறவர்கள். "மேலுக்கு முடியல, ஏதாச்சும் குடுங்க" என்பார்கள். "போன மாசம் குடுத்தீங்களே, அது" என்பார்கள். எது என்று திருப்பிக் கேட்டால் கோபம் வரும். "நீங்கதானே குடுத்தீங்க? எங்கிட்ட கேட்டா?" பெண்கள் சிலர் கூட்டம் விலகும்வரை ஓரமாக நின்று, அப்புறம் கண்ணாலேயே கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் அவன் பதில் வைத்திருக்க வேண்டும்.

நெடுமாறன் கடைமடைக் கிராமத்துப் பிள்ளை. அப்பா ரெத்தினம் கூலிக்கு நாற்றுப் பறித்தவர். அவர் மகன் தஞ்சாவூரில் தங்கி டி.ஃபார்ம் முடித்து வந்தபோது, அந்தத் தெருவிலேயே மருந்துக்குப் படித்த முதல் ஆள் அவன்தான். "எம்மவன் கை பட்டாத்தான் அங்க மாத்திரையே வெளில வரும்" என்று அப்பா டீக்கடையில் சொல்லிக்கொள்வார். அந்தப் பெருமை நெடுமாறனுக்கும் உண்டு. கூடவே பயமும் உண்டு. தொண்ணூறுகளின் கடைசி அது. மாதத்துக்கு ஒரு புதுக் கம்பெனி பையைத் தூக்கிக்கொண்டு கடையேறியது. ஒரே மருந்து எட்டுப் பெயரில் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். பெயர் மாறினால் சனங்களுக்கு அது வேறு மருந்து. தன் கையால் கொடுத்தது ஒருநாள் யாருக்காவது எமனாகிவிடுமோ என்ற நினைப்பு, கடை சாத்திப் பஸ் ஏறிய பிறகும் அவனை விடாது.

ஆயிஷாம்மா சர்க்கரை மாத்திரைக்கு வருகிறவர். கணவர் இல்லை. ஒரே மகன் சித்தீக் சவூதியில், தம்மாமில், துணிக்கடை வேலையில் இருந்தான். வந்ததும் கவுண்டரில் கையூன்றிக்கொண்டு, "ஊசி போடாத டாக்டரே, இன்னும் எத்தனை நாளைக்கி என்னைய உசுரோட வச்சிருக்கப் போறே?" என்பார்.

"பதினஞ்சு நாளைக்கிம்மா. அப்பறம் திரும்பி வாங்க."

"கெட்டிக்காரன். யாவாரத்தை விடமாட்டே."

நோன்பு மாதம் பிறக்கச் சில நாள் இருக்கையில் வந்தவர் கேலி எதுவும் பேசவில்லை. நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"கை வெடவெடங்குது தம்பி. சோறு தின்னு எந்திரிக்கிறதுக்குள்ள மறுபடி பசிக்கிது. சத்துக்கு ஏதாச்சும் குடு."

டாக்டர் கிளினிக் முடிந்து எல்லோரும் ஒன்றாக வந்து விழுகிற நேரம். அவனைச் சுற்றி நீட்டிய கைகள். சர்க்கரை இறங்குகிற அறிகுறி இது என்று அவனுக்குப் பட்டது. வேறு யாருக்கோ மாத்திரைப் பட்டையைக் கத்தரித்தபடியே, "நான் குடுக்குறதை மட்டுந்தானேம்மா சாப்புடுறீங்க?" என்றான்.

"பின்ன? உன்னைய விட்டா எனக்கு இங்க யாரு?"

"டாக்டரைப் பாருங்க. நோன்பு வேற வருது, அளவைக் கொறைக்கணும். அவரைக் கேக்காம நோன்பு வைக்காதீங்க."

"நோன்பை விடுங்கிற வேலையெல்லாம் வச்சுக்காதே. பெருநா முடியட்டும், பாக்குறேன்."

"தம்பி, எம்மாம் நேரமா நிக்கிறேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஆயிஷாம்மா ஒதுங்கி வழிவிட்டார். "வேர்த்தா ஒடனே சீனியை வாயில போட்டுக்குங்கம்மா" என்று இவன் கத்தியதற்குத் திரும்பாமலே கையை ஆட்டினார்.

நோன்பின் இரண்டாவது வாரத்தில், சாயங்கால அஸர் தொழுகைக்கு விரித்த பாயிலேயே அவர் சாய்ந்துவிட்டார். தூக்கிப் பார்த்தபோது உயிர் இல்லை. நோன்போடு, தொழுகைப் பாயில். "யாருக்குக் கெடைக்கும் இப்படி ஒரு மவுத்து" என்று ஊரே சொன்னது. காதர் மைதீன் பாய் கடையைச் சாத்திவிட்டு ஜனாஸா அடக்கத்துக்குப் போனார். நெடுமாறனும் பின்னால் நடந்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. நம்ம மாத்திரைதானா? அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று தானே சொல்லியிருக்க வேண்டுமோ? கவுண்டரில் நிற்கிறவன் அதைச் சொல்லலாமா?

சித்தீக் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. பெருநாள் கழிந்து ஒரு மத்தியானம் பிளாஸ்டிக் பை ஒன்றோடு கடைக்கு வந்தான். உள்ளே மாத்திரைப் பெட்டிகள். ஒரு பக்கம் அரபி, மறுபக்கம் இங்கிலீஷ்.

"உம்மா பொட்டியில இருந்துச்சுண்ணே. நான் அனுப்புனது. அங்க ரொம்ப நல்ல மாத்திரைன்னாங்க. ஊருக்கு ஆள் வரும்போதெல்லாம் குடுத்து விட்டேன். ஜஸீலா மாமிக்கும் சக்கரைதான், அவங்களுக்கு ஆவுமா?"

நெடுமாறன் ஒரு பெட்டியைத் திருப்பினான். கம்பெனியின் பெயர் புதிது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர். இத்தனை நாளும் அவன் ஆயிஷாம்மாவுக்குக் கொடுத்து வந்த அதே மருந்து. அதே அளவு.

"உம்மா இதைச் சாப்பிட்டாங்களா?"

"விடாம சாப்புட்டாங்க. நோன்புக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் மொதமொதல்ல அனுப்புனேன். 'கடை மாத்திரையும் போடுறேன், நீ அனுப்புனதையும் போடுறேன், ரெண்டும் சேந்து நல்லாக் கேக்குது வாப்பா'ன்னாங்க. உங்ககிட்ட மட்டும் சொல்லலையாம். வெளிநாட்டு மாத்திரை வந்ததும் நம்மள மதிக்கலையேன்னு அந்தப் புள்ள மனசு சங்கடப்படும்னாங்க."

அவர் வியர்த்து வந்து நின்ற அன்று, நெடுமாறன் நான் குடுக்குறதை மட்டுந்தானே என்று கேட்டிருந்தான். ஆமாம் என்ற பதிலையும் தானே அந்தக் கேள்விக்குள் வைத்துக் கேட்டிருந்தான்.

"அங்க போன எட்டு வருசத்துல அவங்களுக்குன்னு நான் உருப்படியாச் செஞ்சது இது ஒண்ணுதாண்ணே. கடைசியா மொகத்தைக்கூடப் பாக்கல. இதுனால கொஞ்ச நாளாச்சும் நல்லா இருந்தாங்களா? நீங்கதானே பாத்தீங்க, சொல்லுங்க."

படித்தவன் சொல்ல வேண்டியது ஒன்று நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் தொழுகைப் பாயில் கிடைத்த அந்த மவுத்தின் ஆறுதல் இவனுக்கு இல்லாமல் போகும். இவன் திரும்ப விமானம் ஏறி, தம்மாமில் நாலு பேர் படுக்கிற அறையில் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுக்க வேண்டும்.

"நல்லா இருந்தாங்க தம்பி" என்றான்.

"மாமிக்கு இதை..."

"வேணாம். பொட்டியில வெக்கையில கெடந்தது, கெட்டிருக்கும். இங்கயே வச்சுட்டுப் போங்க. மாமியை ஒருதரம் கடைக்கு வரச் சொல்லுங்க. வீட்டுல என்னென்ன மாத்திரை இருக்கோ எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. மறந்துறாதீங்க."

சித்தீக் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அது போதும்ணே. நல்லா இருந்தாங்கன்னீங்களே, அது போதும்."

அவன் படியிறங்கியதும் கல்லாவிலிருந்து காதர் மைதீன் பாய் தலையைத் தூக்கினார். "என்னப்பா கொண்டாந்தான்?"

"மிச்ச மாத்திரை மொதலாளி."

"பாவம். கடல் தாண்டி இருந்தும் தாயை மறக்காத புள்ள. அல்லாஹ் அவனுக்கு அதுக்குண்டான கூலியைக் குடுப்பான்."

யாரோ கவுண்டருக்கு முன்னால் சீட்டை நீட்டினார்கள்.

"சித்த இருங்க" என்று சொல்லிவிட்டு, பெட்டிகளை அள்ளிக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போன நெடுமாறன், சுவரைப் பார்த்தபடி நின்றான்.