ஐஸ் வைத்து ஓட்டிய கார்

நேற்று கோவை பீளமேட்டில் என் கார் நின்றுபோனது. வந்த மெக்கானிக் ஒரு சின்னக் கருவியைச் சொருகி, கைப்பேசியைப் பார்த்து, "இக்னிஷன் மாட்யூல் போச்சுங்க" என்றார். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை! எனக்கோ அந்தப் பேரைக் கேட்டதும் ஒரே குதூகலம். தங்கை கல்யாணம் நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது என்னிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பும். கணபதியில் ஒரு ஒர்க்ஷாப்பில் பிளக் மாற்றினார்கள், பெட்ரோல் பம்ப் மாற்றினார்கள். நானும் எல்லாம் தெரிந்தவன்போலத் தலையாட்டினேன். அந்தக் காரில்தான் கல்யாணப் பெண்ணை ஆனைமலைக்கு அழைத்துப்போவேன் என்று அடம்பிடித்தேன், பாருங்கள்!

கிணத்துக்கடவு தாண்டியதும் நின்றது. முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம்தான். அம்மா அழ ஆரம்பித்தார். பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தங்கை இறங்கினாள். எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், வீட்டு ரேடியோவை மூன்று முறை கழற்றிப் பூட்டியவள்.

"பெட்ரோல் இருக்குதுங்களாண்ணா?"

"முழுசா இருக்குது கண்ணு."

ஒரு பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்து, என்னைச் சாவி திருப்பச் சொன்னாள். பொறி வரவில்லை. அதற்குள் இரண்டு பைக்கும் ஒரு லாரியும் நிற்க, இறங்கியவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவள் யார் பேச்சையும் கேட்கவில்லை. உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி ஒன்றைத் தொட்டு, சுட்டதும் கையை உதறினாள்.

"இக்னிஷன் மாட்யூலுங்ண்ணா. பொறி உண்டாக்குற காயிலுக்கு, எப்ப விடோணும்னு சொல்றது இதுதான். சூடேறுனா உள்ள ஈயம் வெச்சுப் பத்தவெச்சது விட்டுப்போகுது, ஆறுனா ஒட்டிக்குது. குளுத்திப்போட்டா ஓடுமுங்க!"

எதிரே இருந்த சர்பத் கடையில் ஐஸ் கேட்டாள். கடைக்காரர் இருந்த ஐஸையெல்லாம் பிளாஸ்டிக் பைகளில் கட்டி நீட்டினார். "கல்யாணப் பொண்ணு கேக்குதுங்க, எடுத்துக்கோங்க."

பிளக்கைத் திரும்ப மாட்டிப் பெட்டிமேல் ஐஸை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உறுமியது! சாலையில் நின்ற அத்தனை பேரும் கத்தினார்கள். லாரிக்காரர், "நீங்க போங்க, நின்னா ஏத்திக்கறேன்" என்று ஆனைமலை வரைக்கும் பின்னாலேயே வந்தார். வழியில் இன்னும் இரண்டு முறை நின்றோம், இரண்டு பை ஐஸ் வைத்தோம். பத்து நிமிடம் மிச்சமிருக்க மணவறைக்கு ஓடினாள்.

கிரீஸ் அப்பிய அவள் கையைப் பார்த்த மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னாராம்: "என்ற வண்டியும் இப்படித்தானுங்க நிக்குது."

லாரிக்காரர் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தச் சாலை இப்போது அகலமாகிவிட்டது. புளியமரங்கள் இல்லை, சர்பத் கடையும் இல்லை. வழியில் ஒரு வண்டி பழுதாகி நின்றால் இன்னொரு வண்டி நிற்பதில்லை. நிறுத்தக்கூடாது என்று பலகையே வைத்திருக்கிறார்கள்.