தலைகீழாய் நின்ற நான்காம் தூண்

இலங்கை மலையகத்தில் லுணுகலைக்கு மேலேயுள்ள தோட்டத்துப் பழைய துரை பங்களாவை நலவாழ்வு விடுதியாக்கியபோது, அதன் வரலாற்றை விருந்தினருக்காக எழுதித் தரும் பொறுப்பு ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய எனக்கு வாய்த்தது. தேயிலைக்கு முன் மலையெங்கும் காப்பி பயிரான கோப்பிக் காலத்தில் அதைக் கட்டிய வெள்ளைக்காரர், இங்கிலாந்தில் நோயுற்ற மன்னனுக்குப் பதிலாக மைந்தன் ஆண்ட காலத்து ரீஜென்சி பாணியிலே மனத்தைப் பறிகொடுத்தவர். வெண்சுதைச் சுவர், வில்லாய் வளைந்த சாளரம், முகப்பில் மெலிந்த நான்கு கற்றூண்கள். அவற்றுள் ஒன்று முன்னொரு மழைக்காலத்து மண்சரிவில் உருண்டு போயிற்று. அது நின்ற இடத்தில் ஒரு மரக்கட்டை கூரைக்கு முட்டுக்கொடுத்து நின்றது.

விடுதி மேலாளர் பதுளைக் கடைக்காரக் குடும்பத்து இளைஞர். எண்ணெய்க் குளியலறையும் நீராவி அறையும் ஆயத்தமாகிவிட்டன; ஆனால் கொழும்பு முதலாளி வரும்போது அந்த மரக்கட்டையைக் கண்டால் தம் வேலை போய்விடும் என்று அஞ்சி நடுங்கினார்.

தூணைத் தேடி நாங்கள் அலைய நேரவில்லை. தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயத்துக்கு நேர் மேலே, அன்று மண்சரிவு ஓய்ந்த இடத்தில், மஞ்சள் பூசிச் சிவப்புப் பட்டுடுத்தி அது நின்றுகொண்டிருந்தது. தானே வந்து நின்று, சரிவை மறித்து, லயத்தைக் காத்த கல்லை மக்கள் முனியாண்டியாக வழிபட்டு வந்தனர். நான் சுற்றிவந்து ஆராய்ந்தேன். இதழ் வேலைப்பாடமைந்த தலை மண்ணிலும், அடிப்பீடம் வானத்திலும் இருந்தன.

"இது தலைகீழாக நிற்கிறது" என்றேன்.

"யாரு, சாமியா?" என்றார் பூசாரி. "வாத்தியாரய்யா, அவரு வந்தப்பவே இப்படித்தான் வந்தாரு. நாங்க என்ன புடிச்சா திருப்புனோம்?"

மேலாளர் கைகூப்பினார். "அண்ணே, முதலாளி வந்தா என் வேல போயிரும், இத பங்களாவுக்குக் குடுத்துருங்க. புதுசா ஒரு சிலை செஞ்சு தாறேன்."

"ஒங்க அப்பாவ ஒருத்தன் கேட்டா, குடுத்துட்டு வேற அப்பா வாங்கிக்குவீங்களா தம்பி?"

கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். முடிவில் சாமியையே கேட்டுவிடுவதென்று தீர்மானமாயிற்று. பூசாரி வெள்ளைப்பூ ஒன்றையும் சிவப்புப்பூ ஒன்றையும் தனித்தனியே இலையில் மடித்துக் கட்டிச் சாமி முன் போட்டார். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம்.

"வேல போகப்போறவரே எடுங்க."

மேலாளர் கண்களை இறுக மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். வெள்ளை. அவர் துள்ளி முடிப்பதற்குள் பூசாரி குறுக்கிட்டார்.

"வர்றேன்னு சொல்லிட்டாரு. ஆனா இப்ப நிக்கிற மாதிரியேதான் அங்கயும் நிப்பாரு. பூசையும் அங்கதான். புடிச்சுத் திருப்புனீங்கன்னா எங்களுக்குக் கோவம் வராது, அவருக்கு வரும். பெறகு மண்ணு சரிஞ்சா பங்களா பக்கந்தான் சரியும்."

ரீஜென்சித் தூணின் இலக்கணத்தை எடுத்துரைக்க நான் வாய் திறந்தேன். மேலாளர் என் கையை அழுத்தினார். "ஐயா, இலக்கணத்த எல்லாம் எழுதுறப்ப பாத்துக்குங்க."

மறுவாரம் முதலாளி வந்தார். மூன்று தூண்கள் முறையாகவும், நான்காவது பட்டுடுத்தித் தலைகீழாகவும் கூரையைத் தாங்கின. காலடியில் விளக்கு எரிந்தது. அவர் மேலும் கீழுமாக நெடுநேரம் பார்த்தார்.

"ஏன் இது மட்டும் இப்படி நிக்குது?"

"மலையையே புடிச்சு நிறுத்துனவருங்க" என்றார் பூசாரி. "ஒங்க கூரைய நிறுத்த மாட்டாரா?"

முதலாளி பங்களாவுக்குப் பின்னே செங்குத்தாக எழுந்திருந்த மலையை அண்ணாந்து நோக்கினார். பின்பு, காலில் கிடந்த சப்பாத்துகளை மெல்லக் கழற்றிவிட்டு, மேலாளரின் தோளில் கைவைத்தார்.

"நல்ல வேலை செஞ்சிருக்கீங்க. மத்த மூணையும் இப்படியே திருப்பி வைக்க ஏலுமா?"

மேலாளரின் வேலை அக்கணமே உறுதியாயிற்று. எஞ்சிய மூன்று தூண்களைக் காக்கும் வேலை என் தலையில் விழுந்தது.