கும்பிட்டு நின்ற இயந்திர வீரன்

எங்கள் ஊர்ப் பக்கம் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் முதலில் துடைப்பது ஷோகேஸைத்தான். பெண் பின்னிய ஒயர் கூடை, பாசிமணி கோத்துச் செய்த கிளி, துணியில் தைத்த ரோஜாப்பூ எல்லாவற்றையும் கண்ணாடிக்குள் பார்வையாக வைப்பார்கள். வந்தவர்கள் காபியைக் குடித்துக்கொண்டே, இதெல்லாம் பொண்ணு செஞ்சதா என்று கேட்க வேண்டும். ஆமாம் என்று பெண்ணின் அம்மா சொல்ல வேண்டும். எனக்கு ஒரு கூடை பின்ன வராது. அம்மாவுக்கு அதில் தீராத குறை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் யூனிட் ஒன்றில் பேக்கிங் வேலை பார்த்தேன். நாள் முழுக்க வெள்ளைத் துணியைச் சுருட்டி உறைக்குள் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் வந்த இயந்திர வீரன் கதை மேல் எனக்குப் பைத்தியம். கல்யாண வயசுப் பெண் பொம்மைப் படம் பார்க்கிறாளே என்று தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாயின் கடையில் துபாய்ச் சாமான்கள் கிடைக்கும். சென்ட், சோப்பு, டார்ச் லைட்டுக்கு நடுவே ஒரு நாள் அந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தேன். மேலே அதே வீரன். உள்ளே பாகம் பாகமாகத்தான் இருக்கும், நாமே பூட்டிக்கொள்ள வேண்டும், பிள்ளைகளுக்குச் சிரமம் என்று பாய் சொன்னார். பிள்ளைக்கு இல்லை, எனக்குத்தான் என்று சொல்லி வாங்கி வந்தேன்.

பிளாஸ்டிக் சட்டத்தில் காய் காய்த்த மாதிரி ஒட்டியிருந்த பாகங்களை நகவெட்டியால் நறுக்கி எடுத்தேன். விளக்கத்தாளில் இருந்தது எந்த நாட்டு எழுத்தோ தெரியவில்லை. படமே போதுமானதாக இருந்தது. தோள்மூட்டு உருண்டையாக இருக்கும், குழிக்குள் அழுத்தினால் டக்கென்று உட்காரும். மண்டியிட்டு வாளை ஓங்குகிற மாதிரி நிறுத்தலாம். கையைக் கழற்றி வேறு கை மாட்டலாம். காலைப் பின்னால் மடக்கினால் பறக்கிற வண்டியாகிவிடும். குறையும் இருந்தது. இடுப்பு கொஞ்சம் தொளதொளவென்று ஆடியது, முதுகு ஸ்டிக்கர் ஓரம் தூக்கிக்கொண்டது. அதையெல்லாம் மன்னித்தேன். வேலையிலிருந்து வந்ததும் தினமும் அவனை வேறு மாதிரி நிறுத்துவேன். அந்த வீட்டில் என் இஷ்டத்துக்குத் திரும்பியது அவன் ஒருவன்தான்.

செட்டியார்பட்டியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று சேதி வந்தது. அவர்கள் வருகிற அன்று அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்தால், வீரன் ஷோகேஸுக்குள் இருக்கிறான். கால் இரண்டும் சேர்ந்திருக்கிறது. கை இரண்டும் மார்புக்கு முன்னால் கூப்பி வணக்கம் சொல்கிறது. தொட்டுப் பார்த்தேன், எதுவும் அசையவில்லை. அண்ணன் மில்லில் ஃபிட்டர். ஆடுகிற எதைக் கண்டாலும் அவனுக்குக் கை பரபரக்கும். மில்லிலிருந்து கொண்டுவந்த பசையை ஒரு மூட்டு பாக்கியில்லாமல் ஊற்றி ஒட்டியிருந்தான்.

"வாரவக எடுத்துப் பாக்கையில கையோட பிரிஞ்சு வந்துட்டா அசிங்கம்லா ஏட்டி. இப்ப எம்புட்டு கிண்ணுனு நிக்கான் பாரு."

என்னைக் கேட்காமல் எப்படித் தொடலாம் என்று கத்தினேன். அம்மா ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு, பொம்மைக்குப் போய் அழலாமா என்றாள். நான் அழவே இல்லை. என் கோபத்தை அழுகை என்று சொன்னதில் கோபம் இன்னும் ஏறியது.

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். பட்டுச்சேலையோடு காபித் தட்டை நீட்டினேன். கும்பிடு என்றார்கள், கும்பிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா ஷோகேஸைப் பார்த்து, அது என்ன என்று விசாரித்தார். எம்மக கையால செஞ்சது என்று அம்மா கூசாமல் சொன்னாள். அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். பொண்ணும் அடக்கம், செய்கிற பொம்மையும் அடக்கம் என்றார். அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டான். மாப்பிள்ளை எழுந்து போய் வீரனை எடுத்து, கையை லேசாகத் திருப்பிப் பார்த்தார். கை அசையாதோ என்று கேட்டார். கேட்டது என்னை இல்லை, அண்ணனை.

நான் பதில் சொன்னேன். "அசைஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. வாள் ஓங்குற கை அது. நீங்க வாரீகன்னு என்னையக் கேக்காம ஒட்டிட்டாக. நான் செஞ்சதும் இல்ல, கடையில வாங்கிப் பூட்டுனது."

அதற்குப் பிறகு மிக்சர் தட்டை யாரும் தொடவில்லை. பெண்ணுக்கு வாய் நீளம் என்று மறுநாள் சொல்லியனுப்பினார்கள். அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். ஒரு பொம்மைக்காக நல்ல இடத்தைக் கெடுத்துவிட்டாயே என்று அண்ணன் குதித்தான். ஆமாம், பொம்மைக்காகத்தான். அது அற்ப விஷயம் என்று இன்றைக்கும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் சாமான் எப்படி நிற்க வேண்டும் என்று அவர்களாக முடிவு செய்தார்கள். என்னையும் அதே மாதிரிதான் நிறுத்தினார்கள்.

மறுப்பு வந்த அன்று சாயங்காலம் வீரனை மடியில் வைத்துக் கூப்பிய கைகளைப் பிடித்து இழுத்தேன். பசை விடவில்லை. கத்திரிக்கோல் முனையை நடுவில் விட்டு நெம்பினேன். உள்ளங்கைகள் பிரிந்தன. பிரிந்த வேகத்தில் இடது கை முழங்கையோடு ஒடிந்து தரையில் விழுந்தது. வலது தோள் மட்டும் நறநறவென்று கொஞ்சம் அசைந்தது. அந்த ஒற்றைக் கையை மெல்ல மெல்லத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தினேன்.

சத்தம் கேட்டு அண்ணன் எட்டிப் பார்த்தான். கீழே கிடந்த கையைப் பொறுக்கி எடுத்து ஊதித் துடைத்தான். முகத்தில் உண்மையான அக்கறை தெரிந்தது.

"இங்க குடுட்டி அவன," என்றான். "செத்த நேரத்துல ஒட்டித் தாரேன்."