நான் பார்க்காத நானூறு படங்கள்

நான் தூங்கிவிட்டேன். ஒரு படத்தில் அல்ல; ஏறத்தாழ நானூறு படங்களில். தூங்கி எழுந்து, முழுதும் பார்த்தவனைப் போல ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி வைத்தேன். ஏழு நோட்டுகள். கடைசி இரண்டு மூன்று பக்கங்களைத் தவிர்த்தால், அவற்றில் ஒரு வரிகூட என்னுடையதில்லை. எல்லாம் என் மனைவி வசந்தாவின் சொற்கள்.

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? எங்கள் அடுக்ககத்தில் சொல்லும் துணிவு எனக்கில்லை. நீங்களோ நாளைக் காலை லிப்டில் என் எதிரே வந்து நிற்கப்போவதில்லை.

திருச்சியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் எனக்கு வேலை. முதல் ஷிப்டுக்காக வாரம் முழுவதும் விடியற்காலை நாலரைக்கே எழுபவன். அப்படிப்பட்டவனை ஞாயிறு மதியம் வயிறு நிறையச் சாப்பிடவைத்து, குளிர்ந்த அரங்கில், மெத்தென்ற நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கையும் அணைத்தால்... நீங்களே சொல்லுங்கள்.

திருமணமான முதல் மாதம், நாங்கள் சேர்ந்து பார்த்த முதல் படம் அது. பெயர்கள் ஓடும்போதே எனக்குக் கண் சொருகிவிட்டது. விளக்கு எரிந்தபோது விழித்தேன். வசந்தா முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நானும் துடைத்துக்கொண்டேன். அவளுக்கு அழுகை, எனக்குத் தூக்கக் கலக்கம்.

ஸ்கூட்டர் சத்திரம் பேருந்து நிலையத்தைத் தாண்டும்போது பின்னாலிருந்து கேட்டாள்.

"அந்தக் கிணத்தடி சீன் எப்படிங்க இருந்துச்சு?"

"அதுதான் படத்தோட உயிரே," என்றேன்.

என் தோளில் இருந்த அவள் கை சட்டென்று இறுகியது. "எனக்கும் அதேதாங்க தோணுச்சு."

அந்தக் கையை ஏமாற்ற மனம் வரவில்லை என்று இதுநாள்வரை எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். ஏமாற்றியது அந்தக் கையைத்தானே? இது புரிய எனக்கு இருபத்தாறு ஆண்டுகள் ஆயின.

அன்று காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் வந்து சேர்வதற்குள் முழுப் படத்தையும் பேசிவிட்டாள். அவள் தில்லை நகரில் ஒரு கிளினிக்கின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஆறு நாளும் வாய் திறக்க நேரமில்லாத வேலை. படத்துக்குப் போகும் மாதம் ஒன்றிரண்டு ஞாயிறுகளில் பாலத்தின்மேல் எல்லாம் கொட்டும். நான் "ஆமா" என்பேன், "அதேதான்" என்பேன், வண்டி குலுங்கினால் "ப்ச்" என்பேன், அதையும் அவள் படத்துக்கானது என்றே எடுத்துக்கொள்வாள்.

நோட்டு பிறந்தது பயத்தால். என்றாவது ஒருநாள், "அந்தப் படம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டால்? வீடு வந்ததும் அவள் சொன்னதையெல்லாம் எழுதிவைத்தேன். படத்தின் பெயர், அரங்கு, இருக்கை எண், கருத்து. முதல் மூன்றும் உண்மை. அதிலும் இருக்கையைப் பற்றி என்னைவிட ஆழமாக அறிந்தவர் யாரும் இருக்க முடியாது.

அவள் எப்படிக் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். நிமிர்ந்த முதுகோடு, குறட்டையில்லாமல் தூங்கும் கலையை எங்கள் தொழிற்சாலையின் பாதுகாப்புக் கூட்டங்களில் கற்றிருந்தேன். இடைவேளையில் தவறாமல் எழுந்து அவளுக்குப் பாப்கார்ன் வாங்கி வருவேன். கடமையில் குறை வைத்ததில்லை.

வையம்பட்டியில் இருக்கும் தங்கையிடம் அவள் போனில் சொன்னதை ஒருமுறை கேட்டேன். "எங்க வீட்டுக்காரரும் நானும் ஒரே மாதிரிதான்டி ரசிப்போம். நான் நினைக்கிறதை அவர் சொல்லிடுவாரு." உண்மையில் சொல்வது அவள்; தலையாட்டுவது நான். ஆனால் அந்தக் குரலில் இருந்த பெருமை... அதைக் கேட்டுவிட்டும் பேசாமல் நோட்டை எடுத்தேனே, நான் எப்படிப்பட்ட மனிதன்?

இத்தோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பேன். புகழுக்கு ஆசைப்பட்டேன். சென்ற ஆண்டு அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பக்கத்தைப் போட்டேன். பாராட்டு குவிந்தது. அதன்பின் ஒவ்வொரு படத்துக்கும் போட்டேன். என் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பது என்ற வழக்கமே ஏற்பட்டது. பொங்கல் விழாவில் நோட்டிலிருந்து வாசிக்க வேண்டுமென்று சங்கச் செயலாளர் ஜமால் பாய் வீடு தேடி வந்து அழைத்தார்.

கார் நிறுத்துமிடத்தில் மைக் வைத்திருந்தார்கள். வாசித்தேன். "அந்தத் தாய் கதவைச் சாத்துகிறாள், தாழ்ப்பாள் போடவில்லை. போனவன் வருவான் என்று அவள் வாய் நம்பவில்லை, கை நம்புகிறது." ஒரே கைதட்டல்.

மூன்றாம் வரிசையில் வசந்தா உட்கார்ந்திருந்தாள். அதுவரை அவள் என் நோட்டைத் திறந்ததே இல்லை; அந்த வாட்ஸ்அப் குழுவிலும் அவள் இல்லை. "அது அவரோட டைரி" என்று மரியாதையாக விலகியே இருந்தாள். பக்கத்தில் இருந்த மூன்றாம் மாடி சுகந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கொடுத்து வச்சவங்கக்கா நீங்க. எப்படியெல்லாம் யோசிக்கிறாரு பாருங்க," என்றாள். வசந்தா சிரித்தாள். நான் அடுத்த பக்கத்தை வாசித்தேன். அதுவும் அவள் சொன்னதே. அதற்கடுத்ததும்.

வீட்டுக்கு வந்ததும் பொங்கலைச் சூடாக்கித் தந்தாள்.

அடுத்த ஞாயிறு படத்துக்குப் போனோம். தூங்கினேன். திரும்பும்போது பாலத்தின்மேல் வழக்கம்போலப் பேசினாள்.

"அந்த யானை ஆத்தைக் கடக்கிற இடம் இருக்கே..."

"அற்புதம்," என்றேன்.

"குட்டியைத் திரும்பித் திரும்பிப் பாக்குதே, எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துருச்சு."

"எனக்கும்."

அன்று மாலையே யானையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். அந்த யானை தாய்மையின் குறியீடு, ஆறு என்பது காலம், என்றெல்லாம் என் பங்குக்கு முதன்முறையாகச் சொந்தச் சரக்கும் சேர்த்துக் குழுவில் போட்டேன்.

பத்து நிமிடத்தில் ஜமால் பாய் எழுதினார். "சார், நானும் நேத்துதான் பாத்தேன். யானை எங்க வந்துச்சு?"

அப்போதாவது நின்றேனா? "ஊன்றிக் கவனித்தால் தெரியும்" என்று பதில் போட்டேன். பாவம், சுகந்தியும் அவள் கணவரும் யானையைப் பார்ப்பதற்காகவே மறுநாள் டிக்கெட் எடுத்துப் போனார்கள். வந்து, "முதல் பாதியிலயா சார், ரெண்டாம் பாதியிலயா? நாங்க கண்ணை மூடவே இல்லையே," என்று கேட்டார்கள். கண்ணை மூடாதவர்கள் என்னிடம் கேட்டார்கள்!

சமையலறைக்குப் போனேன். வசந்தா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படத்துல யானை வருமா?"

"வராது."

கத்தி நிற்கவில்லை. நான்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எத்தனை படத்துலங்க தூங்கினீங்க?" என்றாள்.

"எல்லாத்துலயும்..."

"மொதப் படம்? அந்தக் கிணத்தடி?"

தலையைக் குனிந்தேன். இப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தாள்.

"தூங்கினதுக்கு எனக்குக் கோபம் இல்லை. அலுப்புல தூங்குறீங்க, தூங்குங்க. சொல்லியிருந்தா தோள்ல சாய்ச்சுக்கிட்டிருப்பேன்." நறுக்கிய பீன்ஸை ஒரு பக்கமாகத் தள்ளினாள். "நம்ம மாதிரியே நினைக்கிற ஆள் ஒண்ணு கூட இருக்குன்னு இருந்தேன். இத்தனை வருஷமா நான் தனியாத்தான் பேசிட்டு வந்திருக்கேன்."

கீழே கிடந்த ஒரு பீன்ஸை எடுத்துத் தட்டில் போட்டேன். வேறென்ன செய்வது? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறு மதியம் அரை வயிறு சாப்பிட்டேன். இரண்டு காபி குடித்தேன். முதல் காட்சியிலிருந்து கடைசிவரை விழித்திருந்தேன். கதாநாயகன் பதினாறு பேரை அடித்தான். நன்றாகத்தான் இருந்தது. வசந்தாவைப் பார்த்தேன், கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் திக்கென்றது. எங்கள் ரசனைகள் ஒத்துப்போகவே இல்லை!

பாலத்தில் அவள் பேசவில்லை. நானாக ஏதாவது சொல்ல வேண்டுமென்று தேடினேன். அதற்குள் பாலம் முடிந்து மாம்பழச்சாலை வந்துவிட்டது.

வீட்டில் நோட்டைத் திறந்தேன். பெயர், அரங்கு, இருக்கை எண் எழுதினேன். "கருத்து" என்ற சொல்லுக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, மனமறிந்து, உண்மையாக, என் சொந்த வரியை எழுதினேன்: "சண்டை நல்லா இருந்தது."

வசந்தா பின்னால் வந்து நின்றாள். வாழ்க்கையில் முதன்முறையாக என் நோட்டைக் கையில் எடுத்தாள். அந்த வரியைப் படித்தாள். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள், மேலே ஏதும் இருக்கிறதா என்று.

"இவ்வளவுதானாங்க?"

"இவ்வளவுதான்," என்றேன்.

நோட்டை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, துணி மடிக்கப் போய்விட்டாள்.