லோடா, காலியா?

வாயைத் திறக்காமல் யாரோ ஒரே சுருதியில் முனகிக்கொண்டு வருவதுபோல அந்தச் சத்தம் காவிரிப் பாலத்தின் அக்கரையில் மெல்லியதாகத் தொடங்கும். பாலத்தின் நடுவுக்கு வரும்போது கனத்து, எங்கள் பக்கத்து மாம்பழச்சாலை இறக்கத்தில் இறங்கியதும் சட்டென்று சுருதி மாறி ஊளையாக இழுத்து, பிறகு அடங்கும். அந்த ஊளை கேட்ட நிமிடமே அம்மா கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு, "உங்கப்பா வந்தாச்சு" என்பாள். ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவள் என்று சொன்னால் எல்லாரும் என்னிடம் கோபுரத்தையும் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தையும்தான் விசாரிப்பார்கள், நானும் தலையாட்டி வைப்பேன். உண்மையைச் சொன்னால் அந்த ஊர் என்றதும் என் காதில் முதலில் விழுவது தேய்ந்துபோன ஒரு லாரிப் பல்சக்கரத்தின் அழுகைதான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

அப்பா ஒரே முதலாளியிடம் ஒரே லாரியைப் பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டினார். ஜீயபுரம் பக்கத்து வாழைத்தார்களை ஏற்றிக்கொண்டு கரூர், சேலம் வழியாகத் தொப்பூர் கணவாய் ஏறிப் பெங்களூர் போவார். திரும்பும்போது கிடைத்த லோடை ஏற்றிக்கொண்டு வருவார். அந்தத் திரும்பும் லோடில்தான் எங்கள் உயிர் இருந்தது. சரக்கு திருச்சியிலேயே இறங்குகிற சரக்காக இருந்தால் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு பாலம் தாண்டி வீட்டுக்கு வருவார், இரண்டு நாள் எங்களோடு இருப்பார். வடக்கே போகிற சரக்காக இருந்தால் வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, குளித்து, சாப்பிட்டு, என் தலையிலும் தம்பி தலையிலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அப்படியே கொள்ளிடம் தாண்டிப் போய்விடுவார். அதனால் சத்தம் கேட்டதும் நானும் தம்பியும் கேட்கிற முதல் கேள்வி, "லோடா, காலியா?" என்பதுதான். அம்மா ஒரு கையை உயர்த்தி எங்களை வாயடைக்க வைத்து, காதைச் சாலைப் பக்கம் திருப்பி நிற்பாள். பாரம் இருந்தால் முனகல் இறுகி வரும். காலி என்றால் லேசாக வரும், கூடவே பின்கதவுச் சங்கிலி கலகலக்கும். லோடு என்றால் அவசரமாக ஒரு ரசம், நாலு அப்பளம். காலி என்றால் முதல் வேலையாக உளுந்து ஊறப் போடுவாள், ஏனென்றால் ஆட்டிப் புளிக்க வைத்து மறுநாள் தோசை வார்க்க ஆள் வீட்டில் இருக்கப்போகிறாரே. அந்த உளுந்துப் படியைக் கையில் எடுத்தாளா இல்லையா என்றுதான் நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்போம்.

சத்தம் வண்டியின் எந்தப் பாகத்திலிருந்து வருகிறது என்பதெல்லாம் எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும். நாங்கள் ரயில் விளையாடியதில்லை, "லாரி" விளையாடினோம். முன்னால் நிற்கிறவன் இன்ஜின்; அது எப்போதும் என் தம்பிதான், தொண்டை பெரிது. அவன் இடுப்பைப் பிடித்தும் விட்டும் நிற்கிற பிள்ளை கிளட்ச். அது கையை விட்டால் தம்பி எவ்வளவு கத்தினாலும் வண்டி நகரக் கூடாது. அடுத்தது கியர்பாக்ஸ், அது "ஒண்ணு" என்றால் எல்லாரும் மெதுவாக, அழுத்தி நடக்க வேண்டும், "நாலு" என்றால் ஓட வேண்டும். அதற்கு அடுத்தவன் நீளக் கயிற்றைப் பிடித்திருப்பான், அதுதான் வண்டியின் அடிவயிற்றில் முன்னிருந்து பின்னுக்குப் போகிற "ஷாப்டு". கயிற்றின் கடைசியில் நான், "கிரவுன்". லாரிக்குப் பின்னால் நின்று குனிந்து பார்த்தீர்களானால் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இரும்புப் பூசணிக்காய் ஒன்று தெரியுமே, அந்த "ஹவுசிங்" உள்ளே உட்கார்ந்திருக்கிற பெரிய வளையம் அது. ஷாப்டின் நுனியில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியன் அதைக் கடித்துச் சுற்றும்; நீளவாக்கில் வந்த சுழற்சியைத் திருப்பி இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அங்கேதான். என் இரண்டு கையிலும் இரண்டு சக்கரப் பிள்ளைகள் தொங்குவார்கள். தெருமுனையில் திரும்பும்போது உள்பக்கத்துப் பிள்ளை சின்ன அடி வைக்கும், வெளிப்பக்கத்துப் பிள்ளை பாவம் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடும். நிஜ லாரியிலும் அப்படித்தான், இல்லாவிட்டால் டயர் தேய்ந்துவிடும் என்று அப்பா சொல்லியிருந்தார். விளையாட்டில் நான் கூவ வேண்டும், அது முக்கியம். எங்கள் லாரியின் கிரவுன் கூவும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம்.

கூவுவது நோய் என்பது எனக்குத் தெரியாது. மன்னார்புரத்தில் காதர் பாய் என்று ஒரு மெக்கானிக், அப்பாவின் தோஸ்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வண்டியை அவர் பட்டறைக்குக் கொண்டுபோனபோது அம்மா, நான், தம்பி மூவரையும் கேபினில் ஏற்றிக்கொண்டு போனார். பாய் வண்டிக்கு அடியில் படுத்து ஹவுசிங் ஆயிலைத் தட்டில் இறக்கி, அதில் விரலை விட்டு வெயிலில் பிடித்தார். கறுப்பு எண்ணெயில் பொடிப்பொடியாக ஏதோ மினுமினுத்தது. அழகாக இருக்கிறதே என்று நான் கையை நீட்ட, பாய் என் கையைத் தட்டிவிட்டார்.

"அண்ணே, இது பல்லு கரைஞ்சு வர்ற பொடி. பாத்தீங்கள்ல? கிரவுன், பினியன் ரெண்டையும் சேத்து மாத்திடுங்க. ஒண்ணை மட்டும் மாத்துனா சேராது, ஜோடியாத்தான் தேஞ்சிருக்கு. விட்டீங்கன்னா ஒரு நாள் மேட்டுல கால வாரிடும்."

"முதலாளி எப்ப வேணா மாத்திக்கன்னு சொல்லிட்டாரு பாய். மாத்துனா சத்தம் குறையுமா?" என்றார் அப்பா.

"குறையிறதா? சுத்தமா நின்னுடும். வண்டி வர்றதே தெரியாது!" என்று பாய் பெருமையாகச் சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

வண்டி வருவதே தெரியாதாமே! வீடு திரும்பிய சாயங்காலம், அப்பா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது அம்மா காதில் விழாமல் போய் நின்று, "அப்பா, அதை மாத்தாதீங்கப்பா. சத்தம் போயிட்டா நீங்க வர்றது எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன், கேட்கும்போதே அழுதும்விட்டேன். அப்பா முகத்துச் சோப்பு நுரையை வழித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சரி பாப்பா, இன்னும் ரெண்டு நடை போகட்டும்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்றைக்கு நினைத்தால் அந்த ஒன்பது வயசுக் கழுதையை இழுத்துப் பிடித்து இரண்டு அறை விடலாம் போலிருக்கிறது.

ஒரு நடை போய்வந்தார். இரண்டாவது நடைக்குப் போனவர், வியாழக்கிழமை வருகிறேன் என்று சொன்னவர், வியாழக்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமையும் பாலத்தில் எத்தனையோ லாரிகள் போயின, ஒன்றும் கூவவில்லை. அம்மா ஜன்னலை விட்டு நகராமல் நின்றாள். என்னையும் தம்பியையும் சத்தம் போட்டுப் பேச வேண்டாம் என்றாள். எனக்கு அந்தத் தட்டில் மினுங்கிய பொடியே கண்ணில் நின்றது. நான் சொன்னதை அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வரும், அம்மா முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விடும். சனிக்கிழமை காலையில் வேறொரு லாரி டிரைவர் வழியில் இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போனார்: தொப்பூர் மேட்டில் வண்டி படுத்துவிட்டது, ஆளுக்கு ஒன்றுமில்லை, வண்டியை விட்டு நகர முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். அம்மா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுப்படியில் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

நடந்தது இதுதான். முழு லோடோடு மேடு ஏறும்போது பல் முறிந்திருக்கிறது. இன்ஜின் பாட்டுக்கு ஓடுகிறது, ஷாப்டும் சுற்றுகிறது, சக்கரத்துக்கு மட்டும் ஒன்றும் போய்ச் சேரவில்லை. வண்டி நின்று, பிறகு பின்னால் உருள ஆரம்பித்திருக்கிறது. அப்பா பிரேக்கின் மேல் ஏறி நிற்காத குறையாக மிதிக்க, கிளீனர் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்கிறார். கட்டையில் மோதி நின்ற இடத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று தம்பி எத்தனையோ தடவை கேட்டும் அப்பா சொன்னதில்லை. வெயிலில் கிடந்த வாழைத்தார்கள் பழுத்து வெடித்து, கணவாய்க் குரங்குகளுக்கு மூன்று நாள் விருந்தாம், அதை மட்டும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்.

வண்டியைச் சேலத்துக்கு இழுத்துக் கொண்டுபோய் வேலைக்கு விட்டுவிட்டு, திங்கட்கிழமை மத்தியானம் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். தோளில் ஒரு கோணிப்பை. குழாயடியிலிருந்து குடத்தோடு வந்த அம்மா வாசலில் அவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"எப்ப வந்தீங்க? சத்தமே கேக்கலையே!"

"பஸ்ஸுல வந்தா எப்படிடி கேக்கும்?" என்றார் அப்பா. அதற்குப் போய் இருவரும் அப்படிச் சிரித்தார்கள். சிரித்து முடித்து அவர் கோணிப்பையை அவிழ்த்தார். உள்ளே அந்தக் கிரவுன் வளையம், ஒரு பக்கம் பொக்கை வாயாகப் பல் போய். முறிந்ததைத் தூக்கி எறிய மனசு வராமல் பஸ்ஸில் சுமந்து வந்திருக்கிறார் மனிதர். அம்மா அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, தண்ணீர்ப் பானைக்குக் கீழே பிரிமணையாக வைத்தாள். பானை அதில் கச்சிதமாக உட்கார்ந்தது.

புதுக் கிரவுன் போட்ட வண்டி, காதர் பாய் சொன்னபடியே, வருவது தெரியாமல் வந்தது. முதல் தடவை நாங்கள் மூவரும் காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படித்துறையில் துணி துவைத்துவிட்டு ஆற அமரத் திரும்பினால், பூட்டிய கதவின் முன்னால் அப்பா செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் வரும்போது கதவு பூட்டியிருந்ததில்லை. அம்மா ஈரத்துணி வாளியைத் தொப்பென்று வைத்துவிட்டு, "இந்தக் கண்றாவிக்குத்தான் புதுசு மாட்டுனீங்களா?" என்று அவர் மேலேயே பாய்ந்தாள். அப்புறம் அப்பா பாலத்து இறக்கத்தில் இரண்டு முறை ஹாரன் அடித்துப் பார்த்தார். அதைத்தான் எல்லா லாரியும் அடிக்கிறதே. கொஞ்ச நாளில் நாங்கள் காதைச் சாலைப் பக்கம் வைப்பதை விட்டுவிட்டோம். அவர் வந்து நின்ற பிறகுதான் லோடா காலியா என்று தெரியும். முதலிலேயே தெரிந்துகொண்டு காத்திருக்கிற அந்தப் பத்து நிமிடம் எங்கள் வீட்டை விட்டுப் போயேபோய்விட்டது. எனக்கு அது இன்னும் வேண்டும்.

அப்பா போய் நான்கு வருஷமாகிறது. அதே பகுதியில் மூன்றாவது மாடியில் இப்போது நானும் அம்மாவும் இருக்கிறோம். பானை போய்விட்டது, கிரவுன் வளையத்தின் மேல் இருபது லிட்டர் தண்ணீர் கேன் உட்கார்ந்திருக்கிறது. துரு ஏறாமல் அம்மா அதற்கு மாதம் ஒரு தடவை தேங்காயெண்ணெய் தடவுகிறாள். சென்ற மாதம் அப்படித் தடவிக்கொண்டிருந்தபோது, என்ன தோன்றியதோ, நாற்பது வருஷமாக உள்ளே கிடந்ததைச் சொல்லிவிட்டேன். அதை மாற்ற வேண்டாம் என்று அப்பாவிடம் அழுதது நான்தான், தொப்பூரில் வண்டி பின்னால் உருண்டது என்னால்தான் என்றேன்.

அம்மா எண்ணெய்க் கையோடு என்னைப் பார்த்தாள். "நீயா? நானும்தானடி சொன்னேன். இன்னும் கொஞ்ச நாள் அது கத்திட்டே வரட்டுங்கன்னு. நீ சின்னப் புள்ள, உனக்கு என்ன தெரியும். பாய் சொன்னதைப் பக்கத்துல நின்னு கேட்டவ நானு. தெரிஞ்சே சொன்னேன்." மறுபடி எண்ணெயைத் தொட்டுக்கொண்டே, "நீயும் சொன்னேன்னு உங்கப்பா எங்கிட்ட மூச்சு விடலையே" என்றாள்.

என்னிடமும் விடவில்லை. அம்மாவும் மகளும் தனித்தனியாக வந்து கேட்ட ஒரே ஆசையை இரண்டு பேருக்கும் தெரியாமல் தூக்கிக்கொண்டுதான் அந்த மனிதர் கணவாய் ஏறியிருக்கிறார். நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு அம்மாவோடு தரையில் உட்கார்ந்து வளையத்தைத் துடைத்தேன்.

இப்போது கனமான லாரிகள் பெரும்பாலும் புறவழிச்சாலையோடு போய்விடுகின்றன. எங்கள் தெருவில் லாரி விளையாடப் பிள்ளைகளும் இல்லை, விளையாடினாலும் கிரவுனைக் கூவச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஆற்றுப் பக்கம் ஏதோ வேலைக்கு மண் அடிக்கிற பழைய வண்டி ஒன்று நேற்று சாயங்காலம் பாலத்தில் வந்தது. முனகிக்கொண்டே வந்து, இறக்கத்தில் சுருதி மாறி, ஊளையிட்டது. பால்கனியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அவள் காது முன்னைப்போல் இல்லை; முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"லோடா, காலியா?"

நான் எட்டிப் பார்த்தேன். வண்டி விளிம்பு வரைக்கும் மண்.

"காலிதாம்மா" என்றேன்.

"அப்ப உளுந்த ஊறப் போடு" என்றாள்.

எழுந்து போய் ஊறப் போட்டேன்.