குகை ரயிலில் ஒரு பச்சைக்கிளி

நான் பனியன் கம்பெனிகளுக்குப் படம் வரைந்து கொடுப்பவள். டைனோசர், ராக்கெட், பல் இளிக்கும் முதலை என்று குழந்தைகளின் டீ-சர்ட்டில் அச்சாகும் எதையும் வரைவேன். சேவூர் போகும் வழியில் சிறிய பொழுதுபோக்குப் பூங்கா நடத்தும் ஒருவர் என்னைத் தேடி வந்தபோது, அவரும் டீ-சர்ட்டுக்காகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு ராட்சசன்.

"இப்ப இருக்கறவன் பத்தலீங்க அம்மிணி. பசங்க பயப்படவே மாட்டேங்கறாங்க. இன்னும் பெருசா, நல்லாக் கொடூரமா ஒருத்தன வரஞ்சு குடுங்க" என்றார்.

அவர் முன்பு சாயப்பட்டறை வைத்திருந்தவர். அதை மகனிடம் கொடுத்துவிட்டுப் பூங்காவைத் தொடங்கியிருந்தார். அங்கே அவருக்கு உயிர் குகை ரயில்தான். இருட்டுக் கொட்டகைக்குள் தண்டவாளத்தில் சிறு பெட்டிகள் ஊர்ந்து போகும். இருபுறமும் பொம்மைகள் கதையை நடித்துக் காட்டும். கதை எல்லோரும் கேட்டதுதான். ராட்சசன் இளவரசியைத் தூக்கிப் போகிறான். அவன் உயிர் ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கிளிக்குள் இருக்கிறது. இளவரசன் அங்கே போய்க் கிளியின் கழுத்தைத் திருகுகிறான். இங்கே ராட்சசன் சாய்கிறான்.

வரைவதற்கு முன் விளக்கைப் போட்டு உள்ளே காட்டச் சொன்னேன். எத்தனை பெரிய குகையோ என்று நினைத்துப் போனால், ஒரு தையல் ஹால் அளவுகூட இல்லை. தண்டவாளம் மடங்கி மடங்கிப் போவதால்தான் ரயிலில் போகிறவர்களுக்கு நெடுந்தூரம் போலத் தெரியும். அரண்மனைச் சுவரின் முதுகில் ராட்சசனின் குகையை வரைந்திருந்தார்கள். ஏழு கடலும் ஒரே நீல பாலிதீன் தாள். அடியில் ஒரு மேசை விசிறி. ராட்சசனின் கையை ஆட்டியது லாரி வைப்பர் மோட்டார். நான் ஒவ்வொன்றின் பின்னாலும் போய் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "போதுமுங்களா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார்.

ரயிலை ஓட்டும் அம்மா திருநெல்வேலிப் பக்கம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். "எறங்குத பிள்ளையள்லாம் என்னயத்தான் கேக்கும், ராட்சசன் எப்படிச் செத்தாம்னு. கிளிய ஒரு பிள்ளையும் பாக்கதே இல்ல" என்றார்.

பிள்ளைகள் அப்படியானால் எதைத்தான் பார்க்கிறார்கள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் ராட்சசனை வரைந்து பயனில்லை என்று தோன்றியது. ஒரு பள்ளிச் சுற்றுலாக் கூட்டம் வந்த அன்று நானும் முன் பெட்டியில், பிள்ளைகளின் முகம் தெரியும்படி பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். ராட்சசன் உறுமினான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. கடல் வந்தது. அதையும் பார்க்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க்கா, நீங்கதான் பேயிங்களா?"

குனிந்து பார்த்தேன். நான் போட்டிருந்த வெள்ளை டாப்ஸ் நீலமாக எரிவது போல ஒளிர்ந்துகொண்டிருந்தது.

வெளியே வந்து சொன்னதும் ஓனர் சிரித்தார். "உள்ள இருக்கறது ஊதா லைட்டுங்க. வெள்ளத் துணி பளிச்சுனு தெரியோணும்னு ப்ளீச்சிங்ல ஒரு மருந்து போடுவோம். அது இந்த லைட்டுல மின்னும். இத்தன வருசம் சாயம் போட்டுட்டு எனக்கு இது தோணல பாருங்க."

குகைக்குள் எது மின்னுகிறதோ அதன் பின்னால்தான் கண் போகும். ராட்சசன் எப்படிச் செத்தான் என்று பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமானால், மின்ன வேண்டியது அவன் அல்ல, கிளி. வெள்ளை பனியன் துணியில் ஒரு கிளியைத் தைத்து, உள்ளே வெட்டுத் துணியை அடைத்துக் கொண்டுபோனேன். நன்றாகத்தான் மின்னியது. பிள்ளைகள் இறங்கி வந்து, "கொக்கு சூப்பரா இருந்துச்சு" என்றார்கள். சாலை வேலைக்காரர்களுக்கான சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில், கண் கூசும் பச்சைத் துணியில் மிச்சம் கேட்டு வாங்கினேன். ஊதா விளக்கில் அது வெள்ளையை விடவும் எரிந்தது. அதில் பல கிளிகளைத் தைத்து, வளைவுக்கு ஒன்றாகத் தொங்கவிட்டோம். முதல் வளைவில் ராட்சசன் தன் உயிரைக் கிளிக்குள் வைத்துப் பறக்க விடுகிறான். பிறகு ஒவ்வொரு வளைவிலும் கிளி ஒன்று, பெட்டி அடுத்துத் திரும்பப்போகும் பக்கமாகப் பறந்துகொண்டிருக்கும். மீண்டும் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து பார்த்தேன், இந்த முறை கறுப்புச் சுடிதாரில். எல்லா முகங்களும் ஒன்றாகத் திரும்பின. "அங்க போவுது, அங்க போவுது" என்று ஒரு பையன் வழி காட்டிக்கொண்டே வந்தான்.

கடைசி வளைவில் இளவரசன் கூண்டுக்குள் கைவிட்டுக் கிளியின் கழுத்தைத் திருகினான். இறங்கியதும் ஒரு சிறுமி அழுதாள். "கிளி என்ன தப்புப் பண்ணுச்சு?" என்று அந்த ரயில்காரம்மாவைக் கேட்டாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஒருமுறைகூட எனக்கு அந்தக் கேள்வி வந்ததில்லை.

ஓனரிடம் போய்ச் சொன்னேன். "முடிவ மாத்தலாமுங்ளாண்ணா?"

"கத அதானுங்களே அம்மிணி. கிளி சாகாம ராட்சசன் எப்புடிச் சாவான்?"

"கிளி சாகாட்டி அவன் என்ன ஆவானுங்க?"

அவர், "தெரியலீங்களே" என்றார். பிறகு, "மாத்தி வெச்சுத்தான் பாப்போம்" என்றார்.

இப்போது கடைசி வளைவில் இளவரசன் கூண்டைத் திறக்கிறான். வெளியேறும் கதவுக்கு மேலே கிளி பறந்துகொண்டிருக்கிறது. ராட்சசன் தரையில் உட்கார்ந்து அதை அண்ணாந்து பார்க்கிறான். அதற்கு மேல் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. வேலை முடிந்தும் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வாசலில் நின்று, இறங்கி வரும் பிள்ளைகளைக் கேட்டேன், ராட்சசன் என்ன ஆனான் என்று. அவன் ஓடிவிட்டான் என்றது ஒரு குழந்தை. இளவரசியிடம் சாரி சொன்னான் என்றது இன்னொன்று. "இனிமே அவந்தான் கிளிக்குச் சோறு போடோணும், பூனை புடிக்காம பாத்துக்கோணும், இல்லீனா செத்துருவான்ல" என்றான் ஒரு பையன், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

குன்னத்தூரிலிருந்து வந்த ஒரு அப்பாவுக்கு மட்டும் கோபம். "கதையத் தப்பாச் சொல்றீங்க. கிளியக் கொல்லோணுமுங்க" என்றார். அவருடைய மகள் அவர் கையைப் பிடித்து இழுத்து, "இல்லப்பா, நீ சரியாப் பாக்கல" என்றாள். கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு இருவரும் மறுபடியும் வரிசையில் போய் நின்றார்கள்.